பதனப் பொருளும் ஒரு வினைப்பொருளே: தடய நஞ்சியல் மாதிரிகளில் நிகழும் வேதி மாற்றங்கள்

நஞ்சால் இறந்ததாக ஐயுறப்படும் ஒருவரின் உடலிலிருந்து எடுக்கப்படும் குருதி, சிறுநீர், இரைப்பை, கல்லீரல் முதலியவை ஆய்வகத்தைச் சென்றடைந்து பகுப்பாய்வுக்கு உட்படும்வரை நாள்களும் வாரங்களும், சில வேளைகளில் மாதங்களும் கடந்துவிடுகின்றன. அந்த இடைவெளியில் மாதிரி அழுகாமல் இருப்பதற்காக உப்புக் கரைசல், சோடியம் புளோரைடு, எரிசாராயம், ஃபார்மலின் என்று ஏதேனும் ஒரு பதனப் பொருள் சேர்க்கப்படுகிறது. இவை மாதிரியை எடுத்த நிலையிலேயே நிறுத்திவைப்பவை என்ற நம்பிக்கை காவல் துறையிலும் நீதிமன்றங்களிலும் மட்டுமன்றி மருத்துவர்கள் சிலரிடமும் உள்ளது. ஆயினும் இவை ஒவ்வொன்றும் வினைபுரியும் வேதிப்பொருளே என்பதால், சில நஞ்சுகளைக் காக்கும் அதே பொருள் வேறு சில நஞ்சுகளைச் சிதைக்கவோ, இல்லாத ஒன்றைத் தோற்றுவிக்கவோ, ஒரு மருந்தை இன்னொரு மருந்தாக மாற்றவோ கூடும். சிக்கல் இத்துடன் முடிவதில்லை. எந்தப் பதனப் பொருள் ஏற்றது என்பது உடலில் உள்ள நஞ்சைப் பொறுத்தது, அந்த நஞ்சு எது என்பதோ பகுப்பாய்வு முடிந்த பிறகே தெரியவரும். விடை தெரிவதற்கு முன்பே விடையைப் பாதிக்கும் ஒரு முடிவைப் பிணக்கூறாய்வு மேசையில் நிற்கும் மருத்துவர் எடுக்க வேண்டியிருக்கிறது.

எடுத்து வைத்த குருதியில் ஒரு மருந்து மூன்று வழிகளில் மாறக்கூடும். குருதியிலேயே உள்ள நொதிகள், அதாவது உயிருள்ள உடலில் வேதிவினைகளை விரைவுபடுத்தும் புரதங்கள், இறப்புக்குப் பின்னும் குப்பிக்குள் தொடர்ந்து இயங்குகின்றன. குடலிலிருந்து பரவிய பாக்டீரியாக்களும் பூஞ்சைகளும் மருந்தையும் சர்க்கரையையும் தம் உணவாகவோ தம் வளர்சிதை மாற்றத்துக்கான கருவியாகவோ பயன்படுத்துகின்றன. இவ்விரண்டும் இல்லாவிட்டாலும், நீரும் காரத்தன்மையும் வெப்பமும் சேர்ந்து நிலையற்ற மூலக்கூறுகளைத் தாமாகவே உடைத்துவிடுகின்றன. இம்மூன்றையும் ஒருசேரத் தடுக்கும் பதனப் பொருள் எதுவும் இல்லை.

குருதிக்கு மிகுதியாகப் பயன்படுவது சோடியம் புளோரைடு. குருதி உறையாமல் இருக்கப் பொட்டாசியம் ஆக்சலேட்டும் இதனுடன் சேர்க்கப்படுகிறது. சாம்பல் நிற மூடியிட்ட குழாய்களில் இவ்விரண்டும் முன்னரே இடப்பட்டிருக்கும். சர்க்கரை அளவை அறியும் மருத்துவமனைக் குழாய்களில் புளோரைடு குறைவாகவே இருப்பதால் அவை தடயவியல் தேவைக்குப் போதாதவை; அத்தேவைக்கு ஒரு மில்லிலிட்டர் குருதிக்கு 10 மில்லிகிராம், அதாவது ஏறத்தாழ ஒரு விழுக்காடு தேவை என்பதும், இறந்த உடலிலிருந்து எடுத்த குருதிக்கு இரண்டு விழுக்காடுவரை கூட்டலாம் என்பதும் பரவலாக ஏற்கப்பட்ட அளவுகள். சர்க்கரையை உடைத்து ஆற்றல் பெறும் தொடர்வினையில் ஒரு படியை நடத்தும் ஈனோலேஸ் என்ற நொதியைப் புளோரைடு முடக்குவதால், கேண்டிடா ஆல்பிகன்ஸ் போன்ற பூஞ்சைகள் குப்பிக்குள் இருக்கும் சர்க்கரையை எத்தனாலாக மாற்றுவது தடைபடுகிறது. இந்தியாவில் வாகனம் ஓட்டுபவரின் குருதியில் 100 மில்லிலிட்டருக்கு 30 மில்லிகிராம் என்பதே சட்டம் வகுத்த மது வரம்பு என்பதால், ஒரு துளி மதுவும் அருந்தாதவரின் குருதியில்கூட நுண்ணுயிர்கள் அவ்வரம்பைத் தாண்டச் செய்துவிடக்கூடும். இங்குப் புளோரைடின் பணி மறுக்க முடியாதது. ஆனால் எத்தனால் உருவாவதைத் தடுக்கும் புளோரைடு, குருதியில் உள்ள ஆக்சிஜனேறிய ஹீமோகுளோபின் எத்தனாலை மெல்ல மெல்ல ஆக்சிஜனேற்றம் செய்து குறைப்பதைத் தடுப்பதில்லை. அந்த இழப்பைக் குறைப்பது குளிரூட்டலே.

கொக்கெயின் இதைவிட நுட்பமான ஓர் எடுத்துக்காட்டு. கொக்கெயின் மூலக்கூறில் இரண்டு எஸ்டர் பிணைப்புகள், அதாவது நீரால் உடையக்கூடிய இணைப்புகள் உள்ளன. குருதியில் உள்ள பியூட்டிரைல்கோலினெஸ்டரேஸ் என்ற நொதி அவற்றுள் ஒன்றை உடைத்து எக்கோனின் மெத்தில் எஸ்டரைத் தருகிறது. மற்றொன்று நொதியின் துணையின்றியே, குருதியின் இலேசான காரத்தன்மையில் தானாக உடைந்து பென்சாயில்எக்கோனினைத் தருகிறது. புளோரைடு அந்த நொதியை அடக்கி முதல் வழியை அடைக்கிறது. இரண்டாம் வழி திறந்தே கிடக்கிறது. ஆகவே ஒரே குருதியைப் பதனப் பொருளுடனும் இல்லாமலும் இரு குழாய்களில் வைத்தால், சில நாள்களில் பதனப் பொருள் இல்லாததில் எக்கோனின் மெத்தில் எஸ்டரும் உள்ளதில் பென்சாயில்எக்கோனினும் மேலோங்கி நிற்கும். தாய்ச்சேர்மத்துக்கும் சிதைபொருளுக்கும் இடையிலான விகிதத்தைக் கொண்டு, மருந்து எப்போது உட்கொள்ளப்பட்டது என்று கணிக்க முயலும் ஆய்வாளர், உண்மையில் இறந்தவரின் உடலைப் பற்றி அன்றி, குழாயின் மூடி நிறத்தைப் பற்றிய செய்தியையே படித்துக்கொண்டிருக்கக்கூடும். கொக்கெயினைக் காக்கப் புளோரைடோடு குளிர்நிலையும் இலேசான அமிலத்தன்மையும் வேண்டும் என்று ஆய்வுகள் வலியுறுத்துவதன் காரணம் இதுவே.

ஹெராயினின் நிலையும் ஏறத்தாழ இப்படிப்பட்டதே. அது உடலில் சில நிமிடங்களிலேயே 6-மோனோஅசிட்டைல்மார்ஃபினாகவும் பிறகு மார்ஃபினாகவும் உடைகிறது. மார்ஃபின் மட்டும் எஞ்சினால், இறந்தவர் மருத்துவர் தந்த வலிநீக்கியை எடுத்தவரா, ஹெராயின் பயன்படுத்தியவரா என்று பிரித்தறிய வழியில்லாமல் போகிறது. இடைப்பட்ட சேர்மமே ஹெராயினுக்கான உறுதியான சான்று. அச்சான்று குழாய்க்குள் அழிவதைப் புளோரைடு தாமதப்படுத்துகிறது. அதுபோலவே குளோனசெபாம், நைட்ரசெபாம் போன்ற நைட்ரோ தொகுதி கொண்ட தூக்க மருந்துகளை இறந்த உடலின் பாக்டீரியாக்கள் 7-அமினோ சேர்மங்களாக ஒடுக்கிவிடுகின்றன என்பதை ஆஸ்திரேலியாவின் ராபர்ட்சன், டிரம்மர் ஆகியோர் 1998இல் விளக்கினர். இங்கும் பாக்டீரியாவை அடக்கும் அளவுக்குப் புளோரைடு பயன் தருகிறது.

இவ்வளவு நன்மை செய்யும் அதே புளோரைடு, தமிழ்நாட்டு, இலங்கை மருத்துவமனைகளுக்குப் பல பத்தாண்டுகளாகப் பழக்கமான கரிம பாஸ்பரஸ் பூச்சிக்கொல்லி நஞ்சூட்டத்தில் எதிர்த்திசையில் வேலை செய்கிறது. புளோரைடு அயனி பாஸ்பரஸ் அணுவை நாடும் இயல்புடையது. பூச்சிக்கொல்லி மூலக்கூறின் நடுவே இருக்கும் பாஸ்பரஸைத் தாக்கி அங்குள்ள பிணைப்பை அது உடைத்துவிடுகிறது. சோடியம் புளோரைடு கரிம பாஸ்பரஸ் சேர்மங்களின் சிதைவை விரைவுபடுத்துகிறது என்பதை ஜப்பானிய ஆய்வாளர் மொரியாவும் அவருடைய குழுவினரும் 1999இல் எடுத்துக்காட்டினர். இதனோடு இன்னொரு கேடும் சேர்கிறது. இந்நஞ்சுகள் கோலினெஸ்டரேஸ் நொதியை முடக்கிக் கொல்பவை என்பதால், அந்நொதியின் செயல்திறன் குறைந்திருப்பதே நஞ்சூட்டத்தின் அடையாளம். புளோரைடும் அதே நொதியை அடக்குகிறது. ஆகப் புளோரைடு கலந்த ஒரே குழாயைக் கொண்டு இரண்டு சோதனைகளையும் செய்தால், நஞ்சு இருந்தும் நஞ்சு காணப்படாமலும், நஞ்சே இல்லாதவரிடம் நொதித்திறன் குறைந்தும் காணப்படும் விந்தை நேரலாம். பூச்சிக்கொல்லி என்ற ஐயம் எழும்போது புளோரைடு சேர்க்காத குருதியும் தனியே எடுக்கப்பட வேண்டும் என்பது இதனால் ஆய்வக வசதி சார்ந்த விருப்பம் அன்று, இன்றியமையாத தேவை.

புளோரைடுக்கும் பாஸ்பரஸுக்கும் உள்ள இந்த ஈர்ப்பை நஞ்சியலாளர்கள் தமக்குச் சாதகமாகவும் திருப்பியிருக்கிறார்கள். சரின் என்ற நரம்பு வாயு குருதியில் உடனே மறைந்துவிடுகிறது, ஏனெனில் அது நொதியோடு பிணைந்துகொள்கிறது. நெதர்லாந்தின் டிஎன்ஓ ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த அறிவியலாளர்கள், 1995 மார்ச் 20 அன்று டோக்கியோ சுரங்க ரயிலில் நடந்த தாக்குதலில் பாதிக்கப்பட்டவர்களின் குருதிநீரில் மிகுதியான புளோரைடைச் சேர்த்து, நொதியில் ஒட்டியிருந்த பகுதியை விடுவித்துச் சரினையே மீண்டும் உருவாக்கிக் கண்டறிந்து 1997இல் வெளியிட்டனர். இம்முறையின் எல்லையும் அதன் வேதியியலிலேயே உள்ளது: விஎக்ஸ் என்ற வேறொரு நரம்பு நஞ்சால் பாதிக்கப்பட்டவரின் குருதியில் இதைச் செய்தால் கிடைப்பது விஎக்ஸ் அன்று, புளோரின் ஏறிய வேறொரு சேர்மம். மாதிரியில் காணப்படுவது உடலுக்குள் சென்றது தானா, ஆய்வாளர் சேர்த்த பொருள் உருவாக்கியதா என்ற கேள்வி இங்கு மறைவின்றி முன்னே நிற்கிறது; அன்றாடச் சோதனைகளில் அது மறைந்து நிற்கிறது, அவ்வளவே வேறுபாடு.

புளோரைடு அல்லாத குழாய்களும் குற்றமற்றவை அல்ல. சிட்ரேட் கலந்த குழாய்களில் வைத்த குருதியில், பாலியல் குற்றங்களில் மயக்கப் பயன்படுவதாகக் கூறப்படும் காமா-ஹைட்ராக்சிபியூட்டிரேட் தானாகவே உருவாகிறது. அது மனித உடலிலும் இயல்பாகச் சிறிதளவு இருப்பது என்பதால் குழப்பம் இரட்டிக்கிறது. சிறுநீரில் சேர்க்கப்படும் சோடியம் அசைடு, பெராக்சிடேஸ் நொதியை அடையாளங்காட்டியாகக் கொண்ட எதிர்ப்பொருள் சோதனைகளைக் கெடுக்கிறது. ஆக்சலேட் சேர்த்த குருதியில் ஆக்சாலிக் அமில நஞ்சையும், புளோரைடு சேர்த்த குருதியில் புளோரைடு நஞ்சையும் தேட முடியாது என்பது சொல்லாமலே விளங்கும்.

பதனப் பொருள்களிலேயே மிகக் கடுமையாக வினைபுரிவது ஃபார்மலின். இது ஃபார்மால்டிஹைடு வாயுவை ஏறத்தாழ 37 முதல் 40 விழுக்காடு வரை நீரில் கரைத்துப் பெறப்படும் கரைசல்; நோய்க்குறியியலாளர் திசுவை நுண்ணோக்கியில் பார்க்க இதை நீர்த்துப் பயன்படுத்துகிறார், இறந்த உடலைத் தொலைவிடங்களுக்கு அனுப்புவதற்கான எம்பாமிங் திரவங்களின் அடிப்படையும் இதுவே. ஃபார்மால்டிஹைடு புரதங்களைக் குறுக்கே பிணைத்துத் திசுவை உறுதியாக்குவதால், நஞ்சைப் பிரித்தெடுப்பதே கடினமாகிறது. அதைவிடக் கவனத்துக்குரியது, அது மருந்து மூலக்கூறுகளோடு நேரடியாகச் செய்யும் வினை. நைட்ரஜன் அணுவில் ஒரு ஹைட்ரஜனை ஏந்தியிருக்கும் சேர்மங்களுக்கு, அதாவது இரண்டாம் நிலை அமீன்களுக்கு, ஃபார்மால்டிஹைடு ஃபார்மிக் அமிலத்தின் துணையுடன் ஒரு மெத்தில் தொகுதியை ஏற்றிவிடும். கரிம வேதியியலார் இதை 1905இல் எஷ்வைலரும் 1933இல் கிளார்க்கும் விளக்கிய வினையாக அறிவர். மருந்து தயாரிப்பில் வேண்டுமென்றே கையாளப்படும் இந்த வினை, ஃபார்மலின் குப்பிக்குள் யாரும் வேண்டாமலே நடந்தேறுகிறது, ஏனெனில் ஃபார்மால்டிஹைடு காற்றுபட்டு ஃபார்மிக் அமிலத்தைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது.

மனச்சோர்வுக்குத் தரப்படும் நார்ட்ரிப்டிலின், அமிட்ரிப்டிலின் ஆகிய இரு மருந்துகளை எடுத்துக்கொண்டால் இதன் விளைவு தெளிவாகும். இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடு ஒரே ஒரு மெத்தில் தொகுதி. உயிருள்ள உடலில் கல்லீரல் அமிட்ரிப்டிலினிலிருந்து அத்தொகுதியை நீக்கி நார்ட்ரிப்டிலினாக மாற்றுகிறது. ஃபார்மலினோ நார்ட்ரிப்டிலின் மீது அத்தொகுதியைத் திரும்ப ஏற்றி அமிட்ரிப்டிலினாக்குகிறது. நார்ட்ரிப்டிலின் மட்டும் எடுத்துக்கொண்ட ஒருவரின் கல்லீரல் ஃபார்மலினில் கிடந்தால், அவர் தம் வாழ்நாளில் தொட்டே இராத ஒரு மருந்தை விழுங்கியவர் போல அறிக்கையில் காட்சியளிப்பார். மேலும் இவ்விரண்டும் சேர்ந்து காணப்படுவது அமிட்ரிப்டிலின் எடுத்தவரின் உடலில் இயல்பானது என்பதால், ஆய்வாளருக்கு ஐயம் எழவே வாய்ப்பில்லை. தெசிப்ரமின் இமிப்ரமினாக மாறுவதும் இதே போக்கில் நடப்பதே. பசியைக் குறைக்கும் மருந்தாக விற்கப்பட்டு, இதய வால்வுகளைப் பாதித்ததால் 1997இல் அமெரிக்கச் சந்தையிலிருந்து விலக்கப்பட்ட ஃபென்ஃப்ளூரமினை மேற்கு வர்ஜீனியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஃபார்மால்டிஹைடில் வைத்துப் பார்த்தபோது, அது மெத்தில் ஏறிய வேறொரு சேர்மமாக மாறியதைக் கண்டனர். கரைசலின் காரத்தன்மையும் ஃபார்மால்டிஹைடின் செறிவும் கூடக் கூட மாற்றத்தின் வேகமும் கூடியது. மெத்தாம்ஃபெட்டமினும் இவ்வாறே மாறுகிறது. மாறிய சேர்மத்தைத் தேடாத ஆய்வகம் இத்தகைய மாதிரியில் எதையும் காணாது. தேடினால் மட்டுமே மறைந்த மருந்தின் அடிச்சுவடு கிடைக்கும்.

மெத்தனாலைப் பொறுத்தவரை ஃபார்மலின் செய்யும் குழப்பம் தமிழ்நாட்டுக்கு மிக நெருக்கமானது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட கள்ளச்சாராயத்தில் இருந்த நஞ்சு மெத்தனால். அது உடலில் முதலில் ஃபார்மால்டிஹைடாகவும் பிறகு ஃபார்மிக் அமிலமாகவும் மாறுகிறது. பார்வையைப் பறித்து உயிரையும் பறிப்பது இறுதியில் உருவாகும் இந்த அமிலமே. வணிக ஃபார்மலினை எடுத்துக்கொண்டால், ஃபார்மால்டிஹைடு திண்மமாகப் படிந்துவிடாதிருக்க அதில் 10 முதல் 15 விழுக்காடுவரை மெத்தனால் சேர்க்கப்படுகிறது, நாள்பட அதில் ஃபார்மிக் அமிலமும் உருவாகிறது. மெத்தனால் நஞ்சூட்டத்தின் மூன்று அடையாளங்களும் ஒரே குப்பியில் தயார் நிலையில் இருப்பதால், எம்பாமிங் செய்த உடலிலிருந்தோ ஃபார்மலினில் இட்ட திசுவிலிருந்தோ கள்ளச்சாராயச் சாவை உறுதிசெய்வதும் மறுப்பதும் ஏறத்தாழ இயலாததாகிவிடுகிறது. எம்பாமிங்குக்கு முன்பே குருதியும், அத்திரவம் எளிதில் சென்றடையாத விழிக்கோளத்தின் கூழ்மத் திரவமும் எடுக்கப்பட வேண்டும் என்பது இதனாலேயே. சயனைடோ வேறு வகையில் மறைகிறது: ஃபார்மால்டிஹைடு அதனோடு கூடிக் கிளைக்கோலோநைட்ரைல் என்ற சேர்மமாக மாறிவிடுவதால், வழக்கமான சோதனைகளில் சயனைடு தலைகாட்டாமல் போகலாம்.

எம்பாமிங் திரவம் நீதியின் வழியில் குறுக்கிட்டது இதுவே முதன்முறை அன்று. உள்நாட்டுப் போர்க் காலத்திலிருந்து அமெரிக்காவில் புழங்கிய எம்பாமிங் திரவங்களில் ஆர்செனிக் மிகுதியாக இருந்ததால், ஆர்செனிக் கொடுத்துக் கொன்றவர், உடலில் காணப்படுவது எம்பாமிங் செய்தவர் செலுத்தியதே என்று வாதிட முடிந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அப்பொருள் தடைசெய்யப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணம். அதன் இடத்தைப் பிடித்ததுதான் ஃபார்மால்டிஹைடு.

இந்தியாவில் உள்ளுறுப்புகளைப் பதப்படுத்துவதற்குப் பெருவழக்காக உள்ளது சாதாரண உப்பின் நிறைவுற்ற கரைசல், அதாவது 100 மில்லிலிட்டர் நீரில் ஏறத்தாழ 36 கிராம் உப்பு கரைந்து, அதற்கு மேல் கரைய மறுக்கும் நிலை. ஊறுகாய் கெடாமல் இருப்பதற்கான அதே காரணத்தாலேயே இதில் திசுவும் அழுகாமல் இருக்கிறது: உப்பு நீரை வெளியே இழுத்துவிடுகிறது. அந்த நீரோடு கரையக்கூடிய மருந்துகளும் திசுவைவிட்டு வெளியேறிக் கரைசலில் கலந்துவிடுவதால், ஒரு கிராம் கல்லீரலில் எவ்வளவு மருந்து இருந்தது என்ற கேள்விக்குப் பொருளே இல்லாமல் போகிறது. நஞ்சு இருந்ததா இல்லையா என்று மட்டும் சொல்லலாம். சாவுக்குப் போதுமான அளவு இருந்ததா என்று சொல்ல இயலாது. உப்புக்கும் விலக்குகள் உண்டு: அரிக்கும் அமிலங்கள், காரங்கள், பாதரச குளோரைடு, வத்சநாபி ஆகிய நஞ்சுகளில் அது கூடாது என்று இந்தியச் சட்ட மருத்துவ நூல்கள் கூறுகின்றன. எரிசாராயத்துக்கும் இத்தகைய விலக்குப் பட்டியல் உண்டு. மது, குளோரோஃபார்ம், ஃபீனால், பாஸ்பரஸ் முதலியவற்றில் அது பயன்படாது. தமிழகத்தில் பல உயிர்களைக் குடித்த எலி பேஸ்ட்டில் 3 விழுக்காடு மஞ்சள் பாஸ்பரஸ் இருந்தது என்பதை நினைத்தால் இந்த விலக்கின் எடை புரியும். இருளில் பாஸ்பரஸ் ஒளிர்வதைக் கொண்டு அதை அறியும் மிட்செர்லிக் சோதனையில், சாராய ஆவி அந்த ஒளிர்வையே அணைத்துவிடுகிறது.

இந்த நடைமுறைகள் எக்காலத்தில் உருவெடுத்தன என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். இந்தியாவின் முதல் வேதிப் பரிசோதகர் ஆய்வகம் 1849இல் சென்னை மாகாணத்தில் தொடங்கப்பட்டது. ஆர்செனிக்கைக் கண்டறியும் மார்ஷ் சோதனை 1836ஆம் ஆண்டிலேயே வெளிவந்துவிட்ட அக்காலத்தில் நஞ்சியலின் பெரும்பகுதி தனிமங்களைப் பற்றியதாகவே இருந்தது. ஆர்செனிக் ஒரு தனிமம். உப்பில் ஊறினாலும் சாராயத்தில் மூழ்கினாலும் அது ஆர்செனிக்காகவே இருக்கும். இன்றைய நஞ்சுகளோ ஒரு மெத்தில் தொகுதியால், ஓர் எஸ்டர் பிணைப்பால் அடையாளம் பெறுபவை. ஒரு கிராமில் கோடியில் ஒரு பங்கைக்கூட அளக்கவல்ல நிறைமாலைமானிகள் ஆய்வகங்களுக்கு வந்துவிட்ட பின்னும், குப்பிக்குள் ஊற்றப்படும் திரவம் தனிமங்களின் காலத்தைச் சேர்ந்ததாகவே நீடிப்பது பொருந்தாத கூட்டு என்பதில் ஐயமில்லை.

இதற்கான தீர்வுகள் பெரும்பாலும் எளியவையே. குருதியை இரண்டு குழாய்களில், ஒன்றில் புளோரைடுடனும் மற்றொன்றில் எதுவும் சேர்க்காமலும் எடுத்து இரண்டையும் உடனே குளிரில் வைப்பது, பதனப் பொருள் தேர்வு என்னும் முன்கூட்டிய ஊகத்தின் சுமையைப் பெருமளவு குறைக்கிறது. குளிர் எந்த மூலக்கூறோடும் வினைபுரிவதில்லை. நுண்ணோக்கி ஆய்வுக்கான திசுவையும் நஞ்சியல் ஆய்வுக்கான திசுவையும் ஒரே ஃபார்மலின் குப்பியில் இடக்கூடாது. பயன்படுத்திய உப்புக் கரைசலின் அல்லது சாராயத்தின் மாதிரியைத் தனிக் குப்பியில் அனுப்ப வேண்டும் என்ற விதி இந்திய நடைமுறையில் முன்பே உண்டு. பதனப் பொருளிலிருந்தே வந்த மாசை உடலில் இருந்த நஞ்சு என்று கொள்ளாமல் தடுப்பது அந்த ஒரு குப்பிதான் என்பதால் அதைச் சடங்காகக் கருதிவிடலாகாது. நீதிமன்றங்களின் பங்கும் இதில் உண்டு. நஞ்சு கண்டறியப்படவில்லை என்று கூறும் அறிக்கையில், மாதிரியில் எந்தப் பதனப் பொருள், என்ன செறிவில், எப்போது சேர்க்கப்பட்டது, எந்த வெப்பநிலையில் எத்தனை நாள் இருந்தது என்பவை இடம்பெறவில்லை என்றால், அந்த அறிக்கையை நஞ்சு இல்லை என்பதற்கான சான்றாக ஏற்க முடியாது.